ஸ்லாக் கலந்த தூண்கள்

சிமென்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கட்டி உடைக்கும் வேலை. கலவையை வார்த்து, இறுகியதும் எந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்கியது என்று சொல்ல வேண்டும். வாய் ஓயாதவள், எந்திர இரைச்சலையும் மீறிப் பேசுவாள்.

ஸ்லாக் மூட்டைகள் வந்த நாளில் அவளுக்கு வாயடைத்துப் போனது.

கடல்நீரின் சல்பேட் உப்பு கான்கிரீட்டுக்குள் புகுந்து ஊதவைத்து உடைக்கும். அதைத் தாங்கும் சிமென்ட் செய்ய ஸ்லாக் பொடி சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இரும்பு உருகும்போது மேலே மிதக்கும் கழிவுதான் ஸ்லாக். தண்ணீரில் பாய்ச்சினால் மணலாக உதிர்ந்துவிடும், அதை அரைத்தால் பொடி. இந்த மணல், மூடிப்போன இரும்பாலையின் பழைய குவியலிலிருந்து வந்தது. அங்கேதான் அவள் அண்ணன், கொதிக்கும் கழிவு ஓடிய வாய்க்காலில் கால் இடறி விழுந்தான். தலைக்கவசத்தை மட்டும் அண்ணியிடம் கொடுத்தார்கள்.

"வேற ஆளை வச்சுப் பண்ணட்டுமாம்மா?" என்றார் விஷயம் தெரிந்த மேலாளர்.

"வேணாம் சார். வேற கை பட வேணாம்."

ஸ்லாக் சேர்த்த கட்டிகள் முதலில் சவலைப் பிள்ளைபோல நோஞ்சானாக இருந்தன. போகப் போகத் தேறி, மற்றவற்றை முந்தின. சல்பேட் கரைசலில் ஊறிய சாதாரண சிமென்ட் துண்டுகள் ஊதி விரிசல்விட்டன, இவை அசையவில்லை.

ஆனால் உடைத்தால் உள்ளே நீலப்பச்சையாக இருந்தது. ஸ்லாக்கின் இயல்பு அது, காற்றுப் பட்டால் வெளுத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு கட்டியையும் எந்திரத்தில் வைக்கும்போது, "வலிக்குதா அண்ணா?" என்று முணுமுணுக்கத் தொடங்கினாள். வீட்டில் சோறு பிசையும்போதுகூட அந்த நொறுங்கும் சத்தம் காதை விட்டுப் போகவில்லை, அங்கேயும் அதையே முணுமுணுத்தாள்.

கூடவே குடியிருந்த அண்ணி ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஏன்டி, யாரைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கே?"

அவள் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அண்ணி அழவில்லை. மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கே வந்து, அப்போதுதான் உடைத்த துண்டு ஒன்றைக் கையில் வாங்கி, பச்சை மங்கும்வரை மடியில் வைத்திருந்தாள்.

"இதை எங்கே கொண்டு போவாங்க?"

"துறைமுகத்துக்கு அண்ணி. கடலுக்குள்ள நிக்கிற தூணுக்கு."

அண்ணி மடியிலிருந்த துண்டை முந்தானையால் துடைத்தாள்.

"உங்க அண்ணனுக்கு நீச்சலே தெரியாதேடி."

கலவை தேறியது. தூண்களும் எழுந்தன. இருவரும் அந்தப் பக்கம் போவதில்லை. கடல் கொந்தளிக்கும் நாட்களில் அண்ணி சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். இவளும் வற்புறுத்துவதில்லை.