பூனை மேல் விழுந்த பழி

அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் அனுசியாவுக்கு முப்பத்தெட்டு வயது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பந்தல்குடிச் சாலையில் லாரி அடித்துச் சாகும் காட்டுப்பூனைகளைச் சாக்கில் கட்டி வந்து, குடலில் இருக்கும் நாடாப்புழுக்களை இனம் பிரிப்பது அவளாகத் தேடிக்கொண்ட வேலை. புழுவின் தலை குடற்சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும். இழுத்தால் அறுந்துபோகும். தலையில் உள்ள கொக்கிகளைப் பார்க்காமல் எந்தப் புழு என்று சொல்ல முடியாது. பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார், இதைக் கேட்டதும் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

நரிக்குடிப் பக்கம் அவள் சொந்த ஊரில் போன வருஷம் ஆட்டுக்குட்டிகள் மெலிந்து செத்தன. அறுத்துப் பார்த்தால் ஈரலில் நீர்க்கொப்புளங்கள். கண்மாய்க்கரைக் காட்டுப்பூனைகள் மேய்ச்சலில் கழிந்து வைப்பதால்தான் என்று ஊர்க்கூட்டம் முடிவுகட்டி, கறியில் விஷம் வைத்தது. ஒரு பூனை செத்தது. கூடவே ஒரு தெருநாயும் செத்தது. அனுசியா இரண்டையும் கொண்டுபோனாள், ஆட்டு ஈரல் ஒன்றையும் வாங்கிக்கொண்டாள்.

கொப்புளத்துக்குள் இருப்பதும் வளராத நாடாப்புழுதான். அதன் கொக்கிகள் பூனைப் புழுவின் கொக்கிகளில் பாதி அளவே இருந்தன. நாயின் குடலில் கிடைத்த புழுவோடு அச்சாகப் பொருந்தின. பூனையிடம் இருந்தது எலியின் ஈரலில் வளர்ந்து வரும் புழு. அதற்கும் ஆட்டுக்கும் தொடர்பே இல்லை.

நாய்க்கு எப்படி வந்தது? ஊர்ப் பொங்கலில் கிடா வெட்டும்போது கொப்புளம் கண்ட ஈரலைப் படைக்க மாட்டார்கள். தீட்டு என்று கோயில் மதிலுக்கு வெளியே நாய்களுக்கு வீசுவார்கள். நாய் மேய்ச்சலில் புழு முட்டையோடு கழியும், அந்தப் புல்லை ஆடு தின்னும். நோயை ஊரே கையால் ஊட்டி வளர்த்துவிட்டுப் பூனையைக் கொன்றது.

இதை ஊர்க்கூட்டத்தில் சொல்லப் போனாள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் பேசக் கூடாது. உண்மையைச் சொல்ல ஆணின் தொண்டைதான் வேண்டும் என்பது எந்தச் சாமி போட்ட சட்டம்? கூட்டம் கலையும்வரை வெயிலில் நின்று, ஊர்த்தலைவரான சித்தப்பா மாரிச்சாமியை மறித்தாள்.

"சித்தப்பா, பூனைய விட்டுருங்க. கெட்ட ஈரல நாய்க்குப் போடாம ஆழமாப் பொதைங்க. அது போதும்."

"ஏத்தா, சாமிக்கு வெட்டுன கெடாவப் பொதைக்கவா? பொணமா அது?"

"நாய்க்குப் போட்டா மட்டும் சாமி கோவிக்காதாக்கும்?"

"நாயி பைரவரு. நீ படிச்சத டவுனோட வச்சுக்க."

அவர் மகன் காளீஸ்வரன் சிரித்தான். "எங்கக்கா பூனைக் குடலுக்குள்ள மாப்பிள்ள தேடுறாக. கெடைச்சதும் பத்திரிகை வைப்பாக."

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பொங்கலன்று ஈரல்கள் மதிலுக்கு வெளியேதான் விழுந்தன. அடுத்த வாரம் கண்மாய்க்கரை நெடுக மறுபடியும் விஷக்கறி. இந்த முறை நாய்களை மட்டும் பத்திரமாகக் கட்டிப்போட்டிருந்தார்கள். செத்த பெட்டைப் பூனை ஒன்றை அனுசியா கீறினாள். குடலில் அதே எலிப் புழு. கருப்பையில் மூன்று குட்டிகள்.

அதற்குப் பிறகு அந்தக் கரையில் பூனைத் தடம் விழவில்லை. வயலில் எலி பெருத்துவிட்டது. ஆட்டுக்குட்டிகள் சாவதும் நிற்கவில்லை. இப்போது நரிதான் காரணம் என்று கூட்டம் போட்டிருக்கிறார்கள். அனுசியா போகவில்லை.