மச்சான் போட்ட தடை

கருப்பையா அவர்கள் இறந்த செய்தி முதலில் எங்கள் விக்கியின் பேச்சுப் பக்கத்தில்தான் வந்தது. யாரோ ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். "சான்று தேவை" என்று குறித்துவிட்டு, அரிமளத்தில் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் மனைவி மீனாள் அழுதார்கள். நான் போட்ட குறிப்பை நீக்கினேன்.

அறியாதவர்களுக்காக: எங்கள் விக்கி, யாரும் எழுதக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம். யாரும் எழுதுவதால், தவறுகளை நீக்கவும் அடங்காதவர்களை மேலும் எழுதவிடாமல் தடை செய்யவும் தன்னார்வ நிருவாகிகள் சிலர் உண்டு. சம்பளம் கிடையாது, வசவு தவறாமல் வரும். அவரும் நானும் அந்த வேலையில் இருந்தோம்.

கருப்பையா மருந்துக்கடை வைத்திருந்தார். சீட்டு இல்லாமல் மாத்திரை தரமாட்டார். சான்று இல்லாமல் ஒரு வரியை நிற்கவிட மாட்டார். நான் நிருவாகியான புதிதில் சொன்னார்: "தேர்த் திருவிழாவுல கயிறு கட்டிக் கூட்டத்த மறிக்கிற ஆளுங்க நாம. எல்லாரும் சாமியப் பாப்பாங்க, நாம கூட்டத்தப் பாத்துக்கிட்டு நிக்கணும்."

ஒருநாள் அந்தக் கயிற்றை முட்டிக்கொண்டு அவர் மைத்துனரே வந்தார். மீனாளின் தம்பி சொக்கலிங்கம், தம் ஊர்க் குளத்தைத் தம் பூட்டனார் வெட்டியதாகக் கட்டுரையில் சேர்த்தார்.

"அச்சுல வந்திருக்கா மாப்ள?"

"எங்கப்பா சொன்னாரு மச்சான். ஒங்களுக்குப் பொண்ணு குடுத்தவரு. அவரு பேச்சுக்கே சான்று வேணுமா?"

"பொண்ணுக்கு வேணாம். கொளத்துக்கு வேணும்."

சொக்கலிங்கம் அச்சுக்கு ஏற்பாடு செய்தார். மகள் கல்யாணப் பத்திரிகையில் "குளம் வெட்டிய குடும்பம்" என்று போட்டு, அதையே சான்றாக ஏற்றினார். அழைப்பவர்களில் கருப்பையாவின் பெயரும் இருந்தது. கருப்பையா நீக்கினார்; இவர் மறுபடி சேர்த்தார். கல்யாணம் முடிந்தும் இது முடியவில்லை.

உறவினர் விவகாரத்தில் வேறு நிருவாகிதான் முடிவெடுக்க வேண்டும். நான் தடை போடுகிறேன் என்றேன்.

"நீங்க போட்டா அசலார் வெரட்டுனதா ஆகும். நான் போட்டா வீட்டுச் சண்டை. என்னைக்காச்சும் தீந்துரும்" என்று தாமே போட்டார். அவர் விதியை மீறி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

தீரவில்லை. சொக்கலிங்கம் அக்காவுக்குப் பொங்கல் சீரை வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்புவார். "உள்ள வாங்க மாப்ள" என்றால், "அதான் தடை போட்டிருக்கே" என்பார். இனிச் சேர்க்கமாட்டேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் தடை நீங்கியிருக்கும். அவர் எழுதவில்லை. கருப்பையாவும் தடையை நீக்கவில்லை.

நானும் அரிமளம் போயிருந்தேன். துக்க வீட்டுக்குள் சொக்கலிங்கம் அக்காவுக்குக் கோடிச் சேலையோடு வந்தார். என்னை யாரோ அடையாளம் காட்ட, அருகில் வந்தார்.

"நீங்களும் நிருவாகியா? அந்தத் தடைய ஒங்களால எடுக்க முடியுமா?"

"முடியுங்க. இப்பவே எடுத்துர்றேன்." கைபேசியை எடுத்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துராதீங்க. அதச் சொல்லத்தான் வந்தேன். மச்சான் போட்டது. வேற ஆரும் கைவைக்கக் கூடாது."

பிறகு போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தார்.

கருப்பையா, குளத்தை வெட்டியவர் யார் என்று இன்னும் தெரியவில்லை. நீங்கள் போட்ட தடை அப்படியே இருக்கிறது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.