மீன் வண்டிக்குப் பின்னால் வந்தவர்

ஆண்டவரில் அன்பானவர்களே, ஒரு மனிதனைக் கொன்றுவிட்டேன் என்று நம்பிக்கொண்டே ஐந்து மாதம் வாழ்ந்தவன் நான். சோறு தின்றேன், பூசைக்குப் போனேன், ஆனால் உள்ளே செத்துக் கிடந்தேன். அதிலிருந்து ஆண்டவர் என்னை எப்படித் தூக்கினார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் மீன் ஏற்றி, களியக்காவிளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் சின்ன வண்டி ஓட்டுகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பின்னால் எவனாவது ஒட்டிக்கொண்டு வந்தால் சுத்தமாகப் பொறுக்காது. ஓட்டுநர்கள் நாங்கள் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தோம். ஐஸ் உருகி வண்டித் தளத்தில் மீன் தண்ணீர் கட்டிக் கிடக்கும். பிரேக்கைக் காலால் ஓங்கி ஒரு சவுட்டு சவுட்டி, உடனே வேகம் கொடுத்தால், அது பின்கதவு இடுக்கு வழியாகப் பின்னால் வருகிறவன்மேல் சளாரென்று கொட்டும். "ஒருத்தனைக் குளிப்பாட்டி விட்டேன் மக்கா" என்று சந்தையில் சொல்லிச் சிரிப்போம். பாவம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

போன ஜூலையில் ஒரு புதன்கிழமை. காலை எட்டு மணி இருக்கும், சாரல் மழை. புதுக்கடை தாண்டியதும் ஒரு பைக் என் பின்னால் ஒட்டியது. விடாமல் ஹாரன். ஏலத்துக்கு நேரமாகிவிட்ட எரிச்சல் எனக்கு. "சாவதுக்கா வாறான் இவன்?" என்று திட்டிக்கொண்டே சவுட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் பைக் சரிந்து கிடந்தது. சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆள் அசையவில்லை.

நான் நிறுத்தவில்லை. எழுதக் கை கூசுகிறது. நிறுத்தவில்லை.

அதன்பிறகு எங்கே ஹாரன் கேட்டாலும் என் முதுகு சில்லிட்டது. பூசையில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போதுகூடப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. புதுக்கடை வழியை விட்டுச் சுற்றுவழியில் ஓடினேன். தினமும் பேப்பரில் விபத்துச் செய்தி தேடினேன். குருவிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் மூன்று தடவை நின்று, மூன்று தடவையும் திரும்பி வந்தேன். ஜெபம் மட்டும் விடவில்லை. "ஆண்டவரே, அவர் உயிரோடு இருக்கிறாரா, அதை மட்டும் காட்டும்." வேறெதுவும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என் மனைவி ஸ்டெல்லா சருவப் பாத்திரத்தில் மீன் சுமந்து வீடுவீடாக விற்கிறவள். டிசம்பரில் ஒரு மத்தியானம் சருவத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"கேட்டியளா, இன்னைக்கு ஒரு வீட்டுல மீனே வேண்டாம்னு வெரட்டிட்டாவ. அந்த அக்காவுக்க மாப்பிள்ள மீன் வண்டித் தண்ணியில வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்சு கெடக்காராம். மீன் வாடை அடிச்சாலே அவருக்குப் படபடன்னு வருதாம்."

"எங்க?"

"புதுக்கடைப் பக்கமாக்கும்."

"உயிரோட இருக்காரா?"

"செத்தவருக்கா மீன் வாடை அடிக்கும்?" என்று சிரித்தாள்.

நான் அப்படியே முழங்காலில் விழுந்து அழுதேன். அவள் சிரிப்பு நின்றது. "நீங்களா?" என்றாள். தலையாட்டி, ஐந்து மாதமாகச் செய்த ஜெபத்தையும் சொன்னேன். சருவத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "கேட்டது கிடைச்சாச்சுல்லா? எந்திரிங்க, போவோம்" என்றாள்.

அவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். கம்பை ஊன்றி முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த வண்டி என்னுடையதுதான் என்றேன். திட்டுவார் என்று பார்த்தால், "நாய் ஏதும் குறுக்க வந்துதா? நான் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். தப்பிக்க அவரே வழி காட்டுகிறார்! ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவர் தொடர்ந்தார்.

"உங்க பின்கதவுக் கொண்டி கழண்டு ஆடிச்சு. பெட்டி விழப்போவுதேன்னு சொல்லத்தான் ஹாரன் அடிச்சேன்."

அன்று சந்தையில் கதவு திறந்து தொங்கியது. சரியாகப் பூட்டவில்லை என்று சுமை ஏற்றியவர்களை ஏசினேனே!

"நாய் வரல அண்ணே. வேணும்னேதான் சவுட்டினேன்."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் கம்பை ஊன்றி எழுந்தார். "மன்னிச்சேன்னு இப்பச் சொன்னா அது பொய்யாக்கும். போயிட்டு வாங்க" என்றார்.

அந்தச் சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனம் செய்தேன். அதுமுதல் வாரந்தோறும் அவரை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். வண்டியை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், மீன் வாடை அவருக்கு ஆகாதே. இப்போது யார் ஒட்டி வந்தாலும் பிரேக்கைத் தொடுவதில்லை. பைய வேகத்தைக் குறைத்து, இடப்பக்க விளக்கைப் போட்டு, அகலமான இடத்தில் ஒதுங்கி வழி விடுகிறேன். "பயந்தாங்கொள்ளி" என்கிறார்கள் கூட்டாளிகள். ஆமாம், பயந்தவன்தான்.

நீங்களும் கேளுங்கள், ஆண்டவர் காட்டுவார். ஆனால் காட்டிய வாசலுக்கு நாம்தான் நடந்துபோக வேண்டும்.

போன சனிக்கிழமை ஒரு டாரஸ் லாரி எங்கள் முதுகில் ஏறுவதுபோல வந்தது. பக்கத்தில் இருந்த அவர், "பைய ஒதுக்கும். அவன் போவட்டும்" என்றார். அந்த முற்றத்துப் பேச்சுக்குப் பிறகு அவராக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. மன்னிப்பு என்ற வார்த்தை இன்னும் அவர் வாயிலிருந்து வரவில்லை. வராமலும் போகலாம். எனக்காக ஜெபிக்கிறவர்கள், முதலில் அவருடைய காலுக்காக ஜெபியுங்கள்.