அக்கா வைத்த கட்டைகள்

அப்பா அந்த லேத் மெஷினை வாங்கி வந்தபோது எனக்குப் பத்து வயது. அதே வருஷத்தில்தான் பெரியம்மா மகளும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இரண்டுமே என்னைக் கேட்காமல் நடந்தவை. மெஷினை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.

அப்பா இலங்கை மலைநாட்டுத் தோட்டமொன்றின் ஸ்டோரில் ஃபிட்டர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் கடைசி வீடு எங்களுடையது என்பதால் பக்கச் சுவரை ஒட்டிக் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் பழைய தகரங்களை வைத்து அப்பா ஒரு கொட்டகை போட்டிருந்தார். மண்ணெண்ணெய் அடுப்பு, சைக்கிள், தையல் மெஷின் என்று தோட்டத்தில் பழுதாகிற எல்லாம் அங்கே வரும். நான் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கொட்டகையில் எனக்கென்று ஒரு எண்ணெய் டின் இருந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா கூப்பிட்டாலும் போகமாட்டேன். வீட்டில் ஒரே பிள்ளை. அப்பாவைப் பங்குபோட யாரும் இல்லை.

அந்த நாட்களில்தான் அக்கா வந்தாள். பெரியம்மா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த அக்காள். மாவும் ரொட்டியும் கிடைக்காமல் தோட்டங்களெல்லாம் வாடிக்கிடந்த காலத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வயிற்றுப்போக்கு வந்து இரண்டே நாளில் செத்துப்போனார். பெரியப்பா இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டுப் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்தார். பதினாலு வயதுப் பெண்ணைத் தனியாக வீட்டில் விட்டு வேலைக்குப் போக முடியாது என்று ஒரு தகரப் பெட்டியோடு அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

“அவ இங்கயே இருக்கட்டும் அண்ணே. எம் மூத்த பொண்ணு மாதிரி பாத்துக்கிறேன்” என்றார் அப்பா.

மூத்த பொண்ணு! அதுவரை நான் மூத்தவளும் இல்லை, இளையவளும் இல்லை. அந்த ஒரு பேச்சில் சின்னவளாகிப் போனேன். அதற்குப் பிறகு “பெரியவள வரச்சொல்லு”, “பெரியவகிட்ட கேளு” என்றே வீடு ஓடியது. நான் போட்டுக்கொண்டிருந்த பச்சைச் சட்டையை அம்மா தையல் பிரித்து, ஒட்டுத்துணி வைத்துப் பெரிதாக்கி அவளுக்குக் கொடுத்தார். அது எனக்குச் சிறுத்துப்போயிருந்தது என்பதையெல்லாம் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் கொட்டகைக்குள் வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவள், அவர் ஒரு நட்டைக் கழற்ற ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கீழே கிடந்த பத்துப் பதினைந்தில் ஒன்றை எடுத்து நீட்டினாள். அச்சாகப் பொருந்தியது. அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். “எப்பிடிப் புள்ள தெரிஞ்சிச்சு?” என்று கேட்டார். “பாத்தா தெரியுதே சித்தப்பா” என்றாள். எட்டு ஒன்பது வருஷமாக அந்த எண்ணெய் டின்னில் உட்கார்ந்திருந்த எனக்கு எந்த ஸ்பேனரையும் பார்த்தால் ஒன்றும் தெரிந்ததில்லை.

லேத் மெஷின் இதற்குப் பிறகு வந்தது. வேறொரு தோட்டத்து ஸ்டோரில் கழித்துப் போட்ட பழைய மெஷின் அது. இரும்பைச் சுழலவிட்டுக் கடைந்து அச்சும் திருகாணியும் செய்யலாம். தையல் மெஷின் மாதிரி காலால் மிதிக்க ஒரு சக்கரம் பூட்டிவிட்டால் கரண்டும் வேண்டாம் என்பது அப்பாவின் திட்டம். லொறியில் வந்த ஆட்கள் அதைக் கொட்டகைக்குள் இறக்கிப்போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ரயில் பாதைச் சிலிப்பர் கட்டைகளால் அப்பா செய்து வைத்திருந்த வேலைமேசையோ இடுப்பளவு உயரம். மெஷின் தரையிலேயே கிடந்தது.

நாலு பேரைக் கூப்பிட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் லயத்தில் எல்லோரும் அந்த மெஷினை வைத்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். “என்னா ஃபிட்டரே, ஆனைக்குத் தீனி போட்டாச்சா?” என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்று கேட்பார்கள். அப்பாவும் சிரிப்பார். உள்ளுக்குள் அவருக்கு ரோஷம். “எவனையும் கெஞ்ச வேண்டியதில்ல. நானே ஏத்திக் காட்டுறேன்” என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா சாமான் வாங்க ஹட்டனுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை அப்பா தேர்ந்தெடுத்தார். அவருடைய வழி இதுதான். மெஷினின் ஒரு முனைக்கு அடியில் நீளமான இரும்பு அலவாங்கைக் கொடுத்து, தன் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்துவார். அந்த முனை நாலு விரல்கடை மேலே எழும்பும். அந்த இடைவெளியில் ஒரு மரக்கட்டையைச் செருக வேண்டும். பிறகு அடுத்த முனை. இப்படியே இரண்டு பக்கமும் கட்டைமேல் கட்டையாக அடுக்கி, மேசை உயரத்துக்கு வந்ததும் பக்கவாட்டில் தள்ளிவிடலாம். அலவாங்கை அழுத்த அப்பா. கட்டை வைக்க இன்னொரு ஆள்.

“பெரியவ வைக்கட்டும்” என்றார்.

“நான் வைக்கிறேம்ப்பா. எங் கைதான் சின்னக் கை. லேசாப் போகும்” என்றேன்.

“நீ கதவுகிட்ட நில்லு. இந்தப் பக்கம் வரவே கூடாது.”

நான் கதவுகிட்ட நின்றேன். நிற்க நிற்க எரிந்தது. அப்பா மூச்சைப் பிடித்து அழுத்துவார். கழுத்து நரம்பு புடைக்கும். “ம்… வையி” என்பார். அக்கா குனிந்து கட்டையைச் செருகுவாள். “கைய எடுத்திட்டியா? எடுத்திட்டியா புள்ள?” என்று இரண்டு தடவை கேட்பார். “எடுத்திட்டேன் சித்தப்பா” என்று அவள் சொன்ன பிறகுதான் பாரத்தை மெதுவாக விடுவார். ஒவ்வொரு கட்டைக்கும் அதே கேள்வி. என்னிடம் அவர் ஒரு நாளில் அத்தனை கேள்வி கேட்டதேயில்லை. அவளுடைய கையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

முழங்கால் உயரம் வந்தது. தொடை உயரம் வந்தது. அப்பாவின் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். “இன்னும் ரெண்டே கட்டதான். ஆனையக் கட்டிப்புட்டம் புள்ள” என்றார் அப்பா. கட்டிப்புட்டம் என்றால் அவரும் அவளும். அதில் நான் இல்லை.

அது எனக்குத் தாங்கவில்லை. கதவோரம் கிடந்த ஒரு கட்டையை எடுத்துக்கொண்டேன். அப்பா மறுபடி அழுத்தினார். முனை எழும்பியது. அக்கா ஒரு பக்கத்திலிருந்து கட்டையைச் செருகி, அது சரிந்து நின்றதால் விரலால் நேராக்கிக்கொண்டிருந்தாள். நான் மறுபக்கத்திலிருந்து ஓடிப்போய் என் கட்டையோடு கையை உள்ளே விட்டேன்.

அப்பா கத்தினார். என்ன கத்தினார் என்று தெரியவில்லை. அலவாங்கைப் பிடித்திருந்த இரண்டு கைகளில் ஒன்று என் தோளில் வந்து அறைந்தது. நான் மல்லாக்கப் போய், கட்டை அறுத்த மரத்தூளில் விழுந்தேன். அலவாங்கு துள்ளியது. இரும்பு இறங்குகிற சத்தம் கேட்டது.

அக்கா அழவில்லை. அவள் முதலில் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகுதான் இரும்புக்கு அடியில் இருந்த தன் வலது கையைப் பார்த்தாள்.

அப்பா ஒரே மூச்சில் அலவாங்கை மறுபடி கொடுத்து எழுப்பினார். அவள் கையை உருவிக்கொண்டாள். அவர் தன் இடுப்புச் சாரத்தைக் கிழித்துச் சுற்றி, அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து மருந்துச்சாலைக்கு ஓடினார். அங்கிருந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் மரத்தூளைத் தட்டிக்கொண்டு எழுந்து தனியாக வீட்டுக்குள் போனேன். என்னை ஒருவரும் திட்டவில்லை. திட்டுக்காகச் சாயங்காலம் வரை காத்திருந்தேன். அதுவும் கிடைக்கவில்லை.

மோதிர விரலில் மேல்கணுவை எடுத்துவிட்டார்கள். நடுவிரல் பிழைத்தது, மடங்காமல். எப்படி நடந்தது என்று கேட்ட எல்லோரிடமும் “கட்டை நழுவிருச்சு” என்றார் அப்பா. அக்காவும் “நாந்தான் கைய எடுக்கல” என்றாள். என் பெயரை இருவருமே சொல்லவில்லை. அதிலும் அவர்கள் இருவரும் ஒன்று, நான் வேறு என்றே எனக்குப் பட்டது.

அம்மா மட்டும் அப்பாவை விடவில்லை. “அங்க வைக்க ஒங்களுக்கு எங்கக்கா புள்ள கைதான் கெடச்சிச்சா? செத்தவளுக்கு நா என்னா பதில் சொல்லுவேன்?” என்று அடுப்படியில் கேட்டுக்கொண்டேயிருந்தார். அம்மாவும் அவள் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று நான் குறித்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு மாதம் எனக்குக் கொடுமை. ரொட்டித் துண்டுக்கே வரிசையில் நிற்கிற காலத்தில் அக்காவுக்குத் தினமும் ஒரு முட்டை வந்தது. எங்கேயோ அலைந்து அப்பா ஒரு பால்மா டின் வாங்கி வந்தார். அம்மா சோற்றைப் பிசைந்து அவளுக்கு ஊட்டிவிட்டார். வேலை விட்டு வந்ததும் அப்பா வெந்நீர் வைத்து அவள் கையைக் கழுவி, மருந்து வைத்து, துணி சுற்றுவார். நான் ஒருநாள் அடுப்பில் வேண்டுமென்றே விரலைச் சுட்டுக்கொண்டு போய் நீட்டினேன். “கொஞ்சம் தேங்காண்ண போட்டுக்க” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

மெஷின் அதே கட்டைகள்மேல் நின்றது. அப்பா கொட்டகைக்குள் போகவேயில்லை. கடைசியில் பீலிக்கரையில் கேலி பேசிய அதே ஆட்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்களாகவே வந்தார்கள். ஒரு வாய் வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்தில் அதை மேசைமேல் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா அதற்குக் கால்மிதி பூட்டினார், எண்ணெய் போட்டார். “பெரியவளே, வந்து மிதிச்சுப் பாரு” என்று கூப்பிட்டார். அக்கா வாசலில் நின்றபடி, “கை வலிக்குது சித்தப்பா” என்றாள். காலால் மிதிக்கக் கை எதற்கு என்று நான் நினைத்தேன். அப்பா அப்படிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவும் இல்லை.

பெரியப்பாவுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. சொல்லிக்கொண்டு போக வந்தவரிடம் அப்பா பழைய பேச்சையே எடுத்தார். “அவ இங்க இருக்கட்டும் அண்ணே. நா படிக்க வைக்கிறேன். எங் கடம அது.”

பெரியப்பா அக்காவைப் பார்த்து, “என்னாம்மா சொல்ற?” என்றார். போகிற ஊரில் வீடு உண்டா, வேலை உண்டா என்று அவருக்கே தெரியாது. எங்கள் வீட்டில் முட்டையும் பாலும் இருந்தன.

“நா எங்கப்பாகூடப் போறேன்” என்றாள் அக்கா.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. அவளுடைய பெட்டியை நானே அடுக்கிக் கொடுத்தேன். பச்சைச் சட்டையைக்கூடத் திரும்பக் கேட்காமல் மடித்து வைத்தேன். அப்பாவின் இரண்டு கைகளும் அலவாங்கில் இருந்தவரைதான் அந்த இரும்பு மேலே நின்றது. அதில் ஒரு கையை அவர் எந்தப் பிள்ளைக்காக எடுத்தார் என்பதை அக்கா பக்கத்திலிருந்து பார்த்தவள். நான் அதைப் பார்க்க, எனக்கொரு மகள் பிறந்து, அவள் தடுக்கி விழப்போன ஒரு நாளில் என் கை என்னைக் கேட்காமலே நீள வேண்டியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா என்னைப் பிடித்துத் தள்ளினார் என்பது மட்டும்தான்.

ஹட்டன் ஸ்டேஷனில், இந்தியாக் கப்பலைப் பிடிக்கத் தலைமன்னார் கோச்சி ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்துக் கதறிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். “போய் கடுதாசி போடுறேன் சித்தப்பா” என்று அவளே முந்திக்கொண்டாள். கோச்சி போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். அம்மா வந்து இழுத்தபோதுதான் நடந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அப்பா பக்கத்தில் இடம் கிடைத்தது. இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். மனசு நிறைந்திருந்ததால் இத்தனை நாள் உள்ளே வைத்திருந்ததைக் கேட்டுவிடும் தைரியம் வந்தது.

“அப்பா, அன்னைக்கு ஏம்ப்பா என்னயத் தள்ளிவிட்டீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று தெரிந்தது. என்னைத் தள்ளிவிட்டதற்காக அப்பா இவ்வளவு வருத்தப்படுகிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பரவாயில்லப்பா. எனக்கு ஒண்ணும் வலிக்கல” என்றேன்.