தோளில் ஏறிய துண்டு

எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அச்சில் மண் குழம்பை ஊற்றி எடுத்த பொம்மைகள் ஈரத்தோடு எங்களிடம் வரும். ஓரத்தில் பிதுங்கியிருக்கும் மண்ணைக் கத்தியால் சீவி, நனைத்த பஞ்சால் துடைத்து, காயவைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். பெஞ்சில் ஐந்து பெண்கள். என் பக்கத்தில் உட்கார்ந்தவரை எல்லோரும் அக்கா என்றோம். புருஷனை இழந்தவர், இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்துக்கொண்டிருந்தார். பேச்சில் பயம் கிடையாது.

ஒரு வருஷம் கொலுவுக்கென்று புது செட் ஒன்று வந்தது. நாற்காலியில் கால்மேல் கால் போட்ட பண்ணையார், வெற்றிலைத் தட்டோடு அவர் மனைவி, எதிரில் ஒரு பண்ணையாள். அந்த ஆள் முதுகு வளைந்து, கைகட்டி, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றான். முகம் நிறையச் சிரிப்பு.

முதல் பொம்மையைக் கையில் எடுத்ததுமே எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் அவரும் பண்ணை வேலைதான் பார்த்தார். வயலில் தோளில் கிடக்கும் துண்டு, பெரிய வீட்டுத் தெரு திரும்பும்போது இடுப்புக்கு இறங்கிவிடும். சின்ன வயதில் அவர் பின்னால் நடக்கையில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி நிற்கும்போது அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. இந்தப் பொம்மையைச் செய்தவர், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரின் கண்ணால்தான் எங்களைப் பார்த்திருக்கிறார் என்று பட்டது.

அக்காவிடம் சொன்னேன். அவர் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மண்ணு இன்னும் பச்சையாத்தானே இருக்குது?"

இடுப்பில் இருந்த துண்டைச் சீவி எறிந்தார். கொஞ்சம் மண்ணைப் பட்டையாகத் தட்டி, குழம்பைத் தொட்டுத் தோளில் ஒட்டினார். நான் அடுத்ததை எடுத்தேன். வளைந்த முதுகை எங்களால் நிமிர்த்த முடியவில்லை. துண்டை ஏற்ற முடிந்தது. மதியத்துக்குள் ஒரு பலகை முழுக்கத் தோளில் துண்டு போட்ட ஆட்கள்.

மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"யாரு வேல இது? பண்ணையாரு முன்னால தோள்ல துண்டா? கொலுவுல வெக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

"அவனும் மனுசன்தான்னு நெனச்சிட்டுப் போவட்டுங்க" என்றார் அக்கா.

"புடிச்சி வெச்சாத்தான் புள்ளையாரு. நீங்கல்லாம் மண்ணு. நாங்க புடிக்கிறபடி இருந்துக்கணும்."

"பச்ச மண்ணுதாங்க புடிச்சபடி வளையும். நாங்க வெந்து ரொம்ப நாளாச்சு."

பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள். மேஸ்திரியால் அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. அக்காவை அங்கேயே எழுப்பி, மண் சுமக்கும் கொட்டகைக்கு விரட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"துண்ட எறக்கிப் பழையபடி ஒட்டு."

"ஒட்ட மாட்டேங்க" என்றேன். குரல் நடுங்கியது. ஆனாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். மற்ற மூன்று பேரும் வைத்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"வேல போயிடுமா?"

"போனாலும் போவட்டும்பா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிறகு, "எந்தத் தோள்ல வெச்சீங்க?" என்று கேட்டார்.

"எடது தோள்ல."

"அதான் சரி. வயலுக்குப் போறப்ப வலது தோள்ல மம்முட்டி இருக்கும்" என்றார்.

மறுநாள் காலையில் நாங்கள் நான்கு பேரும் பெஞ்சுக்குப் போகவில்லை. நேரே கொட்டகைக்குப் போய் அக்காவோடு மண் சுமந்தோம். பெஞ்சில் பொம்மைகள் சீவ ஆளில்லாமல் காய்ந்து விரிசல் விட்டன. மேஸ்திரி கத்திப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். கடைசியில் முதலாளியே வந்தார்.

"என்னம்மா, ஒரு பொம்மைக்கா இவ்வளவு?"

"அக்கா பெஞ்சுக்கு வரணுங்க. இடுப்புல துண்டு கட்டுன ஆளை நாங்க தொட மாட்டோம்" என்றேன். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை.

முதலாளி எங்கள் ஐந்து பேரையும் பார்த்தார். ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. "அந்தப் பண்ணையாளே வேணாம்" என்றார் மேஸ்திரியிடம். "செட்டுக்கு ரெண்டு பொம்ம போதும். இவங்களை உள்ள அனுப்பு."

அக்கா திரும்பக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உறுத்தலும் இருந்தது. குனிந்து சிரித்த வரையில் அந்தப் பண்ணையாளுக்கு இடம் இருந்தது. துண்டு தோளுக்கு ஏறியதும் செட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதை அக்காவிடம் சொன்னேன்.

"அடுத்த செட்டு வரட்டும். அதுல அவனை உக்கார வெச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு, கையில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவப் போனார்.

நான் பஞ்சை நனைத்து, வெற்றிலைத் தட்டோடு இருந்த பண்ணையாரம்மாவைத் துடைக்கத் தொடங்கினேன்.