வெளிப்பக்கம் தடித்த கோடு

இது அப்பட்டமாக நடந்த கதை. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. சரி, கேன்டீன் அக்கா முறைக்கிறார், அதனால் சொல்லிவிட வேண்டியதுதான்: கொஞ்சம் கூட்டியிருக்கிறது. பந்தின் வேகத்தைச் சொல்லும் இடத்தில் கொஞ்சம், பெயிண்டர் பெருமையடிக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம். கோட்டைப் பற்றி வரும் இடத்தில் மட்டும் ஒரு மயிரிழைகூட இழுக்கவில்லை. அங்கே இழுத்தவன் பெயிண்டர்தான். அதுதான் கதையே.

கேட்க உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம் இல்லை. ஷிப்ட் முடித்த லோடுமேன் ஒருவர், டைம் ஆபீஸ் கிளார்க் ஒருவர், டீ கிளாஸ் பொறுக்க வந்து அப்படியே உட்கார்ந்துவிட்ட கேன்டீன் அக்கா. டென்னிஸ் கோர்ட் ஓரத்துச் சிமெண்டு பெஞ்சுக்கு அதுவே திருவிழாக் கூட்டம்.

பெயிண்டரை எல்லோருக்கும் தெரியும். இந்த அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் கேட், பைப், ஏணி, மேனேஜர் உட்காரும் நாற்காலியின் கால் வரை அவன் பிரஷ் படாத இடம் கிடையாது. நின்றபடி தூங்குகிறவனைப் பார்த்தால் அவனுக்கும் ஒரு கோட் அடித்துவிட்டுத்தான் போவான். இப்போது அவன் ஹெட் பெயிண்டர். கதை நடந்த காலத்தில் வெறும் டெம்பரரி. இன்றைக்கு வா என்றால் வர வேண்டும், நாளைக்கு வராதே என்றால் பேசாமல் வீட்டில் கிடக்க வேண்டும்.

அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்தது அவன் அக்கா புருஷன். லாரியில் அட்டைக் கட்டு ஏற்றும் லோடுமேன். ஃபேக்டரியே அவரை நொட்டாங்கை என்று கூப்பிடும். கையெழுத்து, கரண்டி, சுத்தியல் எல்லாம் அவருக்கு இடது கைதான். பெயிண்டருக்கு மட்டும் அவர் மாமா.

மாமாவுக்கு டென்னிஸ் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆபீசர்கள் ஆடும்போது எதிர்ப்பக்கக் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். அவர்கள் வலது கையால் செய்வதைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அப்படியே இடது கைக்குத் திருப்பிக்கொண்டார். சர்வீஸ் போட ஆபீசர்கள் இடது காலை முன்னே வைத்தால் அவருக்கு வலது கால் முன்னே. அதன் விரல்கள் வலையின் இடப்பக்கக் கம்பத்தைப் பார்த்திருக்கும். இடது கால் பின்னால் கோட்டுக்கு இணையாகக் கிடக்கும். வலது கை பந்தை எறியாது, பரணில் எதையோ வைக்கிற மாதிரி மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு வரும், இடது தோளுக்குக் கொஞ்சம் வெளியே. முழங்கால் மடங்கி, முதுகு வில்லாக வளைந்து, பின்கால் பாரமெல்லாம் முன்காலுக்கு வந்து சேரும். முன்கால் மட்டும் அடிக்கிற வரைக்கும் அசையாது. பூமி நடுங்கினால் ஃபேக்டரி தள்ளிப்போகும், அந்த வலது கால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அடித்த பந்து யோக்கியமாகத்தான் வந்து விழும். விழுந்த பிறகுதான் அதற்குப் புத்தி மாறும். அதிலும் அவர் கோர்ட்டின் இடப்பக்கம் நின்று போட்டார் என்றால், எதிராளியின் பேக்ஹேண்ட் பக்கமாக வழுக்கிக்கொண்டு வெளியே ஓடும். துரத்திப் போன எதிராளி சைக்கிள் ஸ்டாண்டில்தான் நிற்பான். வந்ததுதான் வந்தோம் என்று அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு.

அந்த இடப்பக்கத்தில், கோட்டுக்குப் பின்னால், சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல் இருந்தது. வருடக்கணக்காக அந்தப் பக்கம் நின்று ஆடியவர்களில் மாமா ஒருவர்தான் அதைக் கவனித்தவர். மற்றவர்களுக்கு அது வெறும் விரிசல்.

அந்த வருடம் ஃபேக்டரி கப் ஃபைனலில் மாமா இருந்தார். எதிரே பர்ச்சேஸ் ஆபீசர். ஜெயிப்பவரைக் கம்பெனி டீமில் எடுப்பதாகவும், டீமில் சேர்ந்தவருக்கு ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றும் பேச்சு. தோற்றால் பழைய லாரி, பழைய கட்டு. அவருடைய இடது தோள் அப்போதே முனக ஆரம்பித்திருந்தது. காலையில் சட்டையில் கை நுழைக்கும்போது பல்லைக் கடிப்பார். இந்தத் தோள் ஒரு வேலைதான் தாங்கும், ரெண்டு தாங்காது என்று அக்கா தம்பியிடம் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தாள்.

ஃபைனலுக்கு முன்னால் கோர்ட்டுக்குப் புதுப் பெயிண்ட். அந்த வேலை பெயிண்டருக்கு வந்தது. உள்ளே பச்சை, வெளியே பழைய சிவப்பு அப்படியே இருக்கட்டும் என்றார்கள். பச்சையை அவன் பூசவில்லை, தாலாட்டினான். தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பச்சை. எல்லாம் முடிந்து கோடும் போட்டான பிறகு, ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி வந்து, பின்கோடு தூரத்திலிருந்து பார்க்கிற விருந்தாளிகளுக்குத் தெரியவில்லை, இன்னும் தடிப்பாக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். பின்கோட்டை மற்றக் கோடுகளைவிடத் தடிப்பாகப் போடலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் தடிப்பு உள்பக்கம்தான் வளர வேண்டும். கோட்டின் வெளி ஓரம்தான் கோர்ட்டின் எல்லை, அது நகரக் கூடாது. பெயிண்டருக்கு அது தெரியாது. உள்பக்கம் வளர்த்தால் அருமைப் பச்சை கெட்டுப்போகுமே என்று, வெளிப்பக்கச் சிவப்பின் மேல் மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளையை இழுத்துவிட்டான்.

கோடு போட்டவனுக்குத்தானே கோடு தெரியும் என்று, ஃபைனலில் பின்கோடு பார்க்கவும் அவனையே ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள்.

பந்தை அடிக்கும் வரை சர்வீஸ் போடுகிறவர் கால் பின்கோட்டைத் தொடக் கூடாது, தொட்டால் ஃபுட் ஃபால்ட். ஆட்டம் தொடங்கியதுமே அவன் கண்ணில் அதுதான் பட்டது. இடப்பக்கம் நின்று போடும்போதெல்லாம் மாமாவின் வலது கால் விரல் வெள்ளையைத் தொட்டுக்கொண்டிருந்தது. முதலில் கண் மங்கல் என்று நினைத்தான். அப்புறம் வெயில் என்று நினைத்தான். கடைசியில் மாமா என்று நினைத்து விட்டுவிட்டான். விட்ட ஒவ்வொரு தடவையும் பின்னால் நின்ற பர்ச்சேஸ் ஆட்களின் முணுமுணுப்பு கூடியது.

கடைசிக் கட்டம். மாமா சர்வீஸ். இந்த ஒரு பாயிண்ட் போனால் ஆட்டம் போச்சு. முதல் பந்து வலையில் விழுந்தது, இரண்டாவதும் தப்பானால் பாயிண்ட் போச்சு. இரண்டாவதுக்காக அவர் தரையைப் பார்த்துக் காலை வைத்தார். பெயிண்டரின் காதருகில் யாரோ சொன்னார்கள்:

"அக்கா வீட்டுச் சாப்பாடு கண்ண மறைக்குது போல."

பந்து போனது. பர்ச்சேஸ் ஆபீசர் ராக்கெட்டைத் தூக்குவதற்குள் அது கம்பிவேலியில் மோதிக் கீழே உருண்டது. கூட்டம் கை தட்ட எழுந்தது. பெயிண்டரும் எழுந்தான். கையைத் தூக்கி, "ஃபுட் ஃபால்ட்" என்றான்.

மாமா குனிந்து தன் காலைப் பார்த்தார். நிமிர்ந்து பெயிண்டரைப் பார்த்தார். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்த மேனேஜரையும் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். கையிலிருந்த இன்னொரு பந்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வலைக்குப் போய் ஆபீசருக்குக் கை கொடுத்தார்.

சொந்த மாமன் என்றும் பார்க்காத ஆள் என்று மேனேஜர் பெயிண்டரின் தோளைத் தட்டினார். அடுத்த மாதம் அவன் பெர்மனென்ட். அன்றிலிருந்து அவனுக்கு அந்தக் கதைதான் சோறும் தண்ணீரும். கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று ஒன்று விடவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் வாய் நிறையப் பஞ்சோடு டாக்டருக்கும் சொன்னான் என்பார்கள். "உறவு வேற, கோடு வேற" என்று முடிப்பான். பாதி நேரம் மாமாவும் அதே சாப்பாட்டு வரிசையில் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தலையைக்கூட ஆட்டுவார். கோர்ட்டுப் பக்கம் மட்டும் அவர் திரும்ப வரவே இல்லை. முட்டி வலி என்றார். வலித்தது தோள். லாரியும் கட்டுமாக வருடங்கள் போய், கடைசியில் அந்த இடது கை காதுக்கு மேலே எழும்பாமல் நின்றுபோனது.

போன வருடம்தான் கோர்ட்டை முழுசாகச் சுரண்டிவிட்டுப் புதுசாகப் போட ஆர்டர் வந்தது. ஹெட் பெயிண்டர் தன் பழைய வேலை என்று தானே உட்கார்ந்தான். தகடு வைத்து வெள்ளையை உரித்துக்கொண்டே வந்தவனுக்கு இடப்பக்கத்தில் கை நின்றது. தடித்த வெள்ளைக்குக் கீழே பழைய சிவப்பு. சிவப்பு முடிகிற இடத்தில்தான் பழைய மெல்லிய கோட்டின் ஓரம். அந்த ஓரத்துக்கு வெளியே விரிசல் இரண்டாகப் பிரிகிற இடத்தில், சிவப்பு தேய்ந்து வெறும் சிமெண்டு தெரிந்தது. ஒரு கால் விரல் அகலம். வருடக்கணக்காக ஒரே இடத்தில் ஒரே கால் நின்று தேய்த்த தேய்மானம். பழைய கோட்டைத் தொடவில்லை. அந்தத் தேய்மானத்தின் மேல் பாதிக்கு வெள்ளை அடித்து மூடியிருந்தவன் அவன்.

தகட்டைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். எவ்வளவு நேரம் என்று கேட்டால் பெயிண்ட் டப்பாவில் ஆடை கட்டும் வரை. அப்புறம் பெயிண்ட் கையோடு அக்கா வீட்டுக்கு நடந்தான்.

மாமா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வலது கால் முன்னே, இடது கால் பின்னே, வலது கையால் ஈரச் சட்டையைக் கொடிமேல் எறிந்துகொண்டிருந்தார். கால் மட்டும் எதையும் மறக்கவில்லை. கொல்லைப்படியில் அக்கா பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, அன்னிக்கு உங்க கால் கோட்டுல இல்ல."

"இருந்துச்சு மாப்ள. நீ போட்ட கோட்டுல இருந்துச்சு."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"நான் என்னிக்குக் கோட்டப் பாத்தேன்? விரிசலப் பாத்துத்தான் கால வைப்பேன். அன்னிக்கு நீ கைய தூக்கின பிறகுதான் குனிஞ்சு நிறத்தையும் பாத்தேன். விரிசல் பாதி வெள்ளையா இருந்துச்சு."

"ஏன் மாமா சொல்லல?"

மாமா அடுத்த சட்டையை உதறினார். "யார்கிட்ட சொல்ல? பக்கத்துல மேனேஜர். நீ டெம்பரரி. கோட்டையே தப்பாப் போட்டவன்னு தெரிஞ்சா மறுநாள் கேட்டுக்குள்ள விட்டிருப்பானா?"

முறத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அக்காவுக்கும் இது அன்றைக்குத்தான் தெரியும். "நல்லா இருக்குடா உங்க நியாயம். தப்பாக் கோடு போட்டது நீ. வாய மூடிக்கிட்டது இவரு. இத்தன வருஷம் அந்தத் தோளுக்குத் தைலம் தேச்சது நான். என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா ரெண்டு பேரும்?" பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து உள்ளே போனாள். சிந்திய பருப்பு படியிலேயே கிடந்தது.

பெயிண்டர் காலைத் தொடப் போனான். மாமா ஒரு அடி பின்னால் போனார்.

"வேணாம் மாப்ள, காலுல பெயிண்ட் ஒட்டிக்கும்." அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: "தோத்தது பரவால்ல. நீ விசேஷத்துக்கு விசேஷம் அதச் சொல்லுவியே, அத மட்டும் நான் சாப்ட்டு முடிச்சப்புறம் சொல்லியிருக்கலாம்."

அன்றிலிருந்து பெயிண்டர் கதையைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு அலைகிறான். பழைய கதை கேட்ட வீட்டுக்கெல்லாம் போகிறான். என் மாமா கால் வெளியேதான் இருந்தது, தப்பு என் மேல் என்கிறான். யாரும் நம்புவதில்லை. பெரிய மனுஷன், மாமனை விட்டுக்கொடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான் பார் என்று இன்னும் கொஞ்சம் புகழ்கிறார்கள். ரிட்டயர் ஆன மேனேஜரிடமும் போய்ச் சொன்னான். பழையதே நன்றாக இருந்ததே, ஏன் கெடுக்கிறாய் என்று அவர் காப்பி கொடுத்து அனுப்பினார். புதுக் கோர்ட்டில் பின்கோடு இப்போது சரியான இடத்தில் இருக்கிறது. இடப்பக்கம் அந்த ஒரு சாண் விரிசலை மட்டும் அவன் பூசவே இல்லை. வந்து ஒரு தடவை நில்லுங்கள் என்று மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். நின்று என்ன செய்ய, பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அது கீழே விழுவதைப் பார்க்கவா என்கிறார் அவர்.

கதை அங்கேதான் நிற்கிறது.

"அந்த ஆள் வாயத் திறந்திருக்கணும்" என்றார் லோடுமேன். "தோள் போனா ஒரு லோடுமேனுக்கு அப்புறம் என்ன இருக்கு?"

"எதுக்குத் திறக்கணும்?" என்றார் கிளார்க். "அன்னிக்குக் கோடு எங்க இருந்துச்சோ அதுதான் கோடு. மிதிச்சா ஃபால்ட். பெயிண்டர் மேல என்ன தப்பு?"

"நீ ஏன் சொல்ல மாட்ட? உன் தோள்ல பேனாதான தொங்குது."

"பேனாவப் பத்திப் பேசாத. நீ என்னிக்காவது நேரத்துக்குக் கார்டு அடிச்சிருக்கியா?"

கிளார்க் ஒரு செங்கல் துண்டை எடுத்து பெஞ்சுக்கு முன்னால் கோடு கிழித்தார். இது பழையது என்றார். அதன் மேலேயே தடிப்பாக இன்னொன்று இழுத்தார். லோடுமேன் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைக் கொண்டுவந்து வைத்தார். அந்த ஆள் கால் இவ்வளவு பெரிசா என்று கிளார்க் காலைத் தள்ளினார். தள்ளின கையை லோடுமேன் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் எந்திரிங்க" என்றார் கேன்டீன் அக்கா, கிளாஸ்களைப் பெஞ்சில் வைத்துவிட்டு. "தைலம் தேச்ச அந்தப் பொம்பளைய அப்பவும் யாரும் கேக்கல, இப்பவும் கேக்கல. உங்களுக்குக் கோடு ஒரு கேடு."

"நீங்க இதுல வராதீங்கக்கா."

"நான் ஏன் வரக்கூடாது? கோட்ட விட்டு எட்றா கால."