இமைக்காதே அக்கா

"தாடையை வை. நெத்தியை ஒட்டு. சிவப்புப் புள்ளியைப் பாரு. ஒருதடவை இமைச்சுக்கோ. இப்ப இமைக்காதே, இமைக்காதே, இமைக்காதே... ம், ஆச்சு. மூச்சு விடு."

மூச்சைப் பிடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவள் எதிரில் உட்காருகிறவர்கள் எல்லாரும் பிடித்துக்கொள்வார்கள். தாடை வைத்த இடத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். கண் ஆஸ்பத்திரியின் மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், பத்தொன்பது வருஷமாக இதே பாட்டுத்தான். பெரிய டாக்டர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் 'இமைக்காதே அக்கா.'

அவள் எடுப்பது கருவிழியின் படம். கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் வட்டத்துக்குள் வட்டமாக விளக்கு எரியும். அந்த வளையங்கள் கருவிழியில் விழுவதைப் பார்த்து மிஷின் வண்ணப் படம் போடும். மேடு சிவப்பு, தட்டை நீலம். "கடிகாரக் கண்ணாடி மாதிரி ஒழுங்கா வளைஞ்சிருக்கணும். சில பேருக்கு மெலிஞ்சுபோய்க் கூம்பா தள்ளிக்கிட்டு வரும். கண்ணாடிக் கடையில பவர் ஏறிடுச்சுன்னு சொல்லி அனுப்பிடுவாங்க" என்பாள். அவள் மேஜை இழுப்பறையில் ஐந்து மூக்குக்கண்ணாடிகள் கிடக்கின்றன. நாலு வருஷத்தில் அவள் அண்ணன் மாற்றியவை. ஐந்தாவதைப் போட்டும் எழுத்துத் தெரியாமல் போன பிறகுதான், படம் எடுத்துப் பார் என்று ஒருவர் சொன்னாராம். அதற்குள் கருவிழியையே மாற்ற வேண்டியதாகிவிட்டது.

கசக்கக் கசக்கக் கருவிழி இன்னும் மெலியும். அதனால் கண்ணைக் கசக்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. வரிசையில் யாராவது விரல் முட்டியைக் கண்ணில் வைத்துத் திருகினால் எழுந்து போய், மணிக்கட்டைப் பிடித்துக் கையைக் கீழே இறக்கிவிடுவாள். "அது என்ன மாவு பிசையுற இடமா?" ஆஸ்பத்திரியைச் சோதனை போட வந்த அதிகாரியின் கையையே ஒருதரம் இறக்கியிருக்கிறாள்.

போன மாதம் ஒரு பெண் தன் சித்தியோடு வந்தாள். தீயணைப்பு வேலைக்கு ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் தேறியாகிவிட்டது. கண்ணாடி மட்டும்தான் தடை. மறுநாளே லேசர் செய்து அதையும் கழற்றிவிட ஏற்பாடு. படம் எடுத்தார்கள். மிஷின் பச்சை டிக் போட்டது. அக்கா மட்டும் கையெழுத்துப் போடவில்லை. டார்ச்சை எடுத்து அந்தப் பெண்ணின் விழி வெள்ளையைப் பார்த்தாள். மோதிரம் கழற்றின விரலில் தெரிவது போல, சுற்றிலும் மெல்லிய வட்டத் தடம்.

"கான்டாக்ட் லென்ஸ் எப்பக் கழட்டினே?"

"ரெண்டு வாரமாச்சு."

"ரெண்டு வாரமா, ரெண்டு நிமிஷமா? வாசல்ல ஆட்டோவை விட்டு இறங்கும்போது கழட்டினியா?"

பெண் முகம் சிவந்தது. சித்திக்குக் கோபம் வந்தது. "மிஷினே சரின்னு சொல்லுது, உங்களுக்கென்ன? அடுத்த வாரம் அவளுக்கு உடம்புப் பரிசோதனைங்க!"

"லென்ஸ் அழுத்தின கண்ணு தன் நிஜ வடிவத்தைக் காட்டாதும்மா. ரெண்டு வாரம் சும்மா விட்டுட்டு வா."

பெரிய டாக்டரிடம் போனது விவகாரம். அவர் கீழே இறங்கி வந்தார்.

"கழட்டிட்டேன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க அக்கா. லிஸ்ட்ல போடுங்க."

"எழுதிக் குடுத்தது கை சார். நான் பாக்குறது கண்ணை."

"உங்களால ஒரு ஆபரேஷன் தள்ளிப்போகுது."

"போகட்டும். கையெழுத்து வேணும்னா வேற ஆளை உக்கார வைங்க. இந்த நாற்காலில நான் இருக்கிற வரைக்கும் போட மாட்டேன்."

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியேறிப் போனார். அந்தப் பெண் போகிற போக்கில், "என் வேலையைக் கெடுத்துட்டீங்க, நல்லா இருங்க" என்றாள். அக்கா பஞ்சை எடுத்துத் தாடைப் பலகையைத் துடைத்தாள். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தாள்.

பதினைந்தாம் நாள் அதே பெண் சித்தியோடு வந்தாள். பரிசோதனைத் தேதியைக் கெஞ்சிக் கூத்தாடித் தள்ளி வாங்கியிருந்தாளாம். அக்கா ஒன்றுக்கு நாலு படம் எடுத்தாள். நாலிலும் கருவிழியின் கீழ்ப்பக்கம் வளையங்கள் ஒன்றோடொன்று நெருங்கி நின்றன. அந்த இடத்தில் நெருப்புத் துண்டு மாதிரி சிவப்பு.

டாக்டர் வந்து திரைக்கு முன்னால் குனிந்தார். "கண் காஞ்சிருக்கலாமே?" என்றார் மெதுவாக.

"காஞ்சா வளையம் உடையும் சார். இங்க ஒண்ணும் உடையல. நெருங்குது, அவ்வளவுதான்."

அவர் நாலு படத்தையும் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிமிர்ந்ததும் பேனாவை எடுத்து லேசர் லிஸ்டில் அந்தப் பெண்ணின் பெயரை அடித்தார். மெலிந்து வரும் கருவிழியை லேசரால் செதுக்கினால் இன்னும் மெலிந்து கூம்பாகத் தள்ளிவிடும் என்று அவரே சித்திக்கு விளக்கினார். சீக்கிரம் தெரிந்துவிட்டதால், சொட்டு மருந்து விட்டு ஒளி காட்டி, இதற்கு மேல் போகாமல் நிறுத்தப் பார்க்கலாம் என்றார்.

"அப்ப என் வேலை?" என்றாள் அந்தப் பெண், டாக்டரைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து.

"போச்சு" என்றாள் அக்கா.

பெண்ணின் உதடு கோணியது. கண் நிறைந்து வழிந்தது. துடைக்க இரண்டு கைகளும் மேலே எழும்பின, விரல்களை மடக்கி, முட்டி முன்னால். அவை கண்ணைத் தொடுவதற்குள் அக்கா இரண்டு மணிக்கட்டையும் பிடித்துவிட்டாள்.

"அழு. நல்லா அழு. என்னைத் திட்டணும்னாலும் திட்டு."

கண்ணீர் கன்னத்தில் இறங்கி, தாடையில் சொட்டி, தானாகக் காய்கிற வரைக்கும் அந்த இரண்டு கைகளையும் அவள் தன் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.